சராசரிப் பூச்சி

சராசரி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். கதை எழுதுகிறவனுக்குச் சராசரி மனிதன் எங்கேயும் அகப்பட்டதில்லை. வயலில் சராசரிப் பூச்சியும் அகப்படாது. ஆனால் பூச்சி மருந்து விற்கிறவர்களும், அதை வாங்கச் சொல்லிப் புத்திமதி கூறுகிறவர்களும், வயல் முழுவதும் பூச்சிகள் குத்துக்கு இத்தனை என்று சமமாகப் பங்கு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகவே பேசுகிறார்கள்.

நெல்லுக்கு வரும் புகையானை எடுத்துக்கொள்ளுங்கள். அது தாக்கிய வயலை வரப்பில் நின்று பார்த்தால், பச்சைக்கு நடுவே வட்ட வட்டமாகத் தீய்ந்த திட்டுகள் தெரியும். ஏன் வட்டம்? தீனி செழிப்பாக இருக்கும்போது இந்த இனத்தில் குட்டை இறக்கைப் பெண்கள் தோன்றுகின்றன. அவற்றால் பறக்க முடியாது. இருந்த இடத்திலேயே முட்டையிட்டுக் குடும்பத்தைப் பெருக்குகின்றன. கூட்டம் நெருக்கி, பயிரும் வாடிய பிறகுதான் நீண்ட இறக்கை உள்ளவை பிறந்து வேறு ஊர் பார்த்துக் கிளம்புகின்றன. புகையானுக்கு மட்டும் உள்ள குணமல்ல இது. இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த டெய்லர் என்பவர் 1961-ல் பல உயிரினங்களின் கணக்குகளை ஒப்பிட்டு, அவை பெரும்பாலும் கும்பல் கும்பலாகவே வாழ்கின்றன என்று காட்டினார்.

“ஒரு மூலையில் வந்தது நாளைக்கு எங்கும் பரவாதா? முன்கூட்டியே முழு வயலுக்கும் அடித்துவிட்டால் என்ன?” என்று கேட்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் புகையான் இருப்பது பயிரின் அடியில், தண்ணீருக்குச் சற்று மேலே. மேலிருந்து தெளிப்பதில் பெரும் பகுதி இலையிலேயே தங்கிவிடுகிறது. முட்டைகளோ இலையுறைக்குள் பத்திரமாக இருக்கின்றன. அகப்பட்டுச் சாவது யார்? பயிரெங்கும் அலைந்து புகையானைத் தின்னும் சிலந்தி; அதன் முட்டையை உறிஞ்சிக் குடிக்கும் சின்னஞ்சிறு பச்சை நாவாய்ப்பூச்சி. சில நாளில் முட்டை பொரிக்கும்போது வயலில் காவல் இல்லை. திருடன் பதுங்கியிருக்க, காவல்காரனைச் சுட்டுவிட்டு வந்த கதைதான்!

இந்தோனேஷியா இந்தப் பாடத்தை விலை கொடுத்துப் படித்தது. அரசாங்கமே மானியம் கொடுத்து மருந்தை வாரி இறைத்தது. புகையானும் கூடவே பெருகியது. கடைசியில் 1986-ல் ஜனாதிபதி சுகார்த்தோ, நெல்லுக்கு 57 மருந்துகளைப் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவு போட்டார். 1989-க்குள் மானியமும் படிப்படியாக நின்றது. விவசாயிகளை வயலில் இறக்கிப் பூச்சிகளை எண்ணிப் பார்க்கப் பழக்கினார்கள். நாடு பட்டினி கிடக்கவில்லை. நெல் விளைச்சல் கூடியது.

நம் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் இதைத்தான் சொல்கிறது. சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு புகையான் வந்தால் மருந்தைப் பற்றி யோசிக்கலாம். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால், தூருக்கு இரண்டு வரும்வரை பொறுக்கலாம். எட்டடிக்கு ஓரடி இடைவெளி விட்டு நட வேண்டும்; யூரியாவை அள்ளிக் கொட்டக் கூடாது. இதற்கெல்லாம் பெரிய மூலதனம் வேண்டாம். குனிந்து பார்க்கும் கண் போதும். அப்படியும் கணக்கு மீறினால், தண்ணீரை வடித்துவிட்டு, பூச்சி இருக்கும் திட்டில், அடித்தூரில் படும்படி தெளிக்கட்டும்; நான் தடுக்கவில்லை.

ஆனால் எண்ணுவதில் யாருக்கும் கமிஷன் இல்லை. அதனால்தான் எண்ணச் சொல்லுகிற குரல் வரப்போடு நின்றுவிடுகிறது. அடிக்கச் சொல்லுகிற குரல் கடைத்தெருவெங்கும் கேட்கிறது. இப்போது ஆளில்லாக் குட்டி விமானமும் வந்துவிட்டது. சில நிமிஷத்தில் ஓர் ஏக்கர் நனைந்துவிடும். வயலில் கால் வைக்காமலே வேலை முடிந்தது என்று பெருமைப்படுகிறார்கள். கால் வைக்காதவனுக்குத் திட்டு எங்கே, சிலந்தி எங்கே என்று எப்படித் தெரியும்?

கடன் விவசாயி தலையில். விஷக் காற்று கைத்தெளிப்பான் சுமக்கிற கூலியாளின் நெஞ்சில். மிச்சம் நம் சோற்றில். இத்தனையும் எந்தப் பூச்சிக்காக? அந்த மூலையில் இருந்ததற்காக அல்ல. மற்ற இடமெல்லாம் இருப்பதாக நாம் கற்பனை செய்துகொண்டதற்காக. கற்பனை செய்வது என் தொழில். அதைக் கதையோடு வைத்துக்கொள்வோம். வயலில் எண்ணிப் பார்ப்போம்.