ஜீரோவும் ஜீரோவும் ஒண்ணா?

"ரெண்டு மீட்டரும் டேலி ஆச்சே சார், இதுக்கு மேல என்ன வேணும்?"

கடைக்காரர் இந்தியில் இப்படிக் கேட்டப்போ, இருபது வருஷமா பேங்கில் டேலி பண்ணியே பிழைக்கிற எனக்கு வந்த கோபத்தை என்னத்தைச் சொல்ல!

விஷயம் இதுதான். 1988-ல் கும்பகோணத்தில் அத்தை கல்யாணம். நாதஸ்வரம், தவில், நடுவில் தாத்தா யாரையோ பந்திக்குக் கூப்பிடுற குரல், எல்லாம் ஒரே கேசட்டில். இங்கே தில்லியில் ஒரு கடையில் (பேர் வேண்டாம்) கொடுத்து பென்டிரைவில் ஏத்தி வாங்கினேன். ரெண்டு மாசம் கழிச்சு அத்தை வந்திருந்தப்போதான் முழுசாப் போட்டுக் கேட்டோம். தவில் அடி ஒவ்வொண்ணும் தகரத்தில் கல் விழுந்த மாதிரி! அந்த இரைச்சலில் தாத்தா குரலும் நொறுங்கிப்போச்சு. "இதுவாடா அப்பா குரல்?"னு அத்தை கேட்டாங்க.

கடைக்காரர் செஞ்சது, டெக்கில் முள் ஜீரோ காட்டும்போது கம்ப்யூட்டர் மீட்டரும் ஜீரோ காட்டுற மாதிரி வெச்சது. டேலி!

ரெண்டு ஜீரோவும் ஒண்ணு இல்லீங்க. எங்க பாஷையில் சொல்றேன். டெக்கில் இருக்கிற வியூ மீட்டரின் ஜீரோ ஓவர்டிராஃப்ட் லிமிட் மாதிரி. கொஞ்சம் தாண்டினா மேனேஜர் முனகிக்கிட்டே பாஸ் பண்ணுவார். டேப்பும் அப்படித்தான், ஒலி கொஞ்சம் கொஞ்சமாத்தான் கெடும். டிஜிட்டல் ஜீரோ ஏடிஎம் மாதிரி. இருப்புக்கு மேல ஒரு ரூபாய் வராது. தாண்டுற அலையின் உச்சி மொட்டையா வெட்டுப்படும். வெட்டினது வெட்டினதுதான்.

போதாக்குறைக்கு அந்த முள் ரொம்ப மெத்தனம். ஒலி நிலையா வந்தாலும் அளவைக் காட்ட சுமார் 300 மில்லிசெகண்ட் எடுத்துக்கும். தவில் அடி அதுக்குள்ள வந்துட்டுப் போயிடும். முள் ஜீரோ காட்டும்போதே நிஜமான உச்சம் பத்து டெசிபல், சமயத்தில் அதுக்கும் மேல இருக்கலாம்.

இதுக்கெல்லாம் விதி எப்பவோ இருக்கு. அமெரிக்காவின் எஸ்எம்பிடிஇ முறையில், 1000 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, முள் ஜீரோவில் நிற்கும்போது டிஜிட்டல் மீட்டர் மைனஸ் 20 காட்டணும். ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியத்தின் அலைன்மென்ட் அளவு மைனஸ் 18. மேலே விட்ட இடம்தான் தவிலுக்கு!

"அளவைக் குறைச்சா சத்தம் கம்மியா இருக்குன்னு கஸ்டமர் திட்டறாங்க"ன்னார் கடைக்காரர். அதுவும் உண்மைதான், திட்டுறது நாமதானே! சத்தமா இருந்தா நல்ல ரெக்கார்டிங்னு நமக்கு யார் சொன்னது? கேசட் காலத்தில் டேப் இரைச்சலுக்குப் பயந்து அளவை ஏத்தினோம், சரி. 24 பிட் பதிவில் அந்தப் பயமே வேண்டாம். சத்தம் போதலைன்னா கேட்கும்போது வால்யூமைத் திருகிக்கலாமே!

அதெல்லாம் குருகிராமில் இருக்கிற ஏஆர்சிஇ மாதிரி இசைக் காப்பகங்களுக்கு, வீட்டுக் கேசட்டுக்கு எதுக்குன்னு கேட்காதீங்க. பெரிய வித்வானுக்கு வேற பத்து ரெக்கார்டிங் இருக்கும். எங்க தாத்தாவுக்கு இது ஒண்ணுதான்.

அதனால கடையில் கொடுக்கும்போது வெட்கப்படாம மூணு விஷயம் சொல்லுங்க. 24 பிட்டில் பதியணும். கேசட்டிலேயே சத்தமான இடத்தை முதலில் ஓட்டிப் பார்த்து, உச்சம் மைனஸ் 6-ஐத் தாண்டாம வைக்கணும். ஆட்டோ கெயினை அணைக்கணும். முழிச்சார்னா வேற கடை பாருங்க.

இன்னொரு தடவை ஏத்திக்க வேண்டியதுதானேன்னு கேட்பீங்க. மூல டேப்பைத் தூக்கி எறியாதேன்னுதான் உலகத்துக் காப்பகக்காரங்க எல்லாம் தலையில் அடிச்சுக்கறாங்க. நான்? பென்டிரைவ் கைக்கு வந்த வாரமே, "அதான் வந்தாச்சே"ன்னு அந்தக் கேசட்டை கபாடிவாலாகிட்ட எடை போட்டுட்டேன்.

கடைக்காரர் மேல கோபம் ரெண்டு நாளில் போச்சு. என் மேல இருக்கிறது இன்னும் போகலை.