வரைபடத்தில் மட்டும் மரபு!

பெங்களூரின் ஒயிட்ஃபீல்ட் என்றவுடன் இன்று நினைவுக்கு வருவது தகவல் தொழில்நுட்பப் பூங்காக்களும், அடுக்குமாடிக் குடியிருப்புகளும், தீராத போக்குவரத்து நெரிசலும்தான். அந்தப் பெயருக்குக் காரணமான சிற்றூர் அவற்றுக்கு நடுவே இன்னமும் மிச்சமிருக்கிறது என்பது அந்த நகரவாசிகளிலேயே பலருக்குத் தெரியாது. 'இன்னர் சர்க்கிள்' என்று அழைக்கப்படும் அந்தக் குடியிருப்பு பாதுகாக்கப்பட வேண்டிய மரபு மண்டலம் என்று 2007-இல் ஒப்புதல் பெற்ற பெங்களூரு பெருந்திட்டம் அறிவித்தது. ஆனால், அந்த அறிவிப்பால் அங்கே காப்பாற்றப்பட்டது எவ்வளவு என்கிற கேள்விக்கு மகிழ்ச்சி தரும் பதில் இல்லை.

1882-இல் மைசூர் மகாராஜா பத்தாம் சாமராஜேந்திர உடையார், மைசூர் - குடகு யுரேஷிய, ஆங்கிலோ இந்தியர் சங்கத்துக்கு 3,900 ஏக்கர் நிலம் வழங்கினார். ரயில்வேயையும் தந்தித் துறையையும் மட்டுமே நம்பியிராமல், சொந்த நிலத்தில் உழுது வாழும் சமூகமாகத் தம்மவர் மாற வேண்டும் என்று விரும்பிய டேவிட் ஒயிட் என்பவரின் பெயர்தான் அந்த ஊருக்குச் சூட்டப்பட்டது. சென்னையில் ஆங்கிலோ இந்தியர் சங்கத்தை உருவாக்கியவர் அவர். வட்டமாக அமைந்த பாதை, அதைச் சுற்றிலும் தோட்டங்களுக்கு நடுவே ஓட்டுக் கூரை வீடுகள், அருகிலேயே தேவாலயம் என்று முன்கூட்டியே திட்டமிட்டு எழுப்பப்பட்ட ஊர் அது. இந்தியாவில் இதற்கு இணையாகச் சொல்லத்தக்க இன்னொரு ஊர், 1933-இல் தொடங்கப்பட்ட இன்றைய ஜார்க்கண்டின் மெக்லஸ்கிகஞ்ச்.

இங்கிருந்த வேவர்லி விடுதிக்கு, பெங்களூரில் ராணுவ அதிகாரியாக இருந்த இளம் வின்ஸ்டன் சர்ச்சில் அடிக்கடி வந்துபோனார் என்று செவிவழிக் கதை ஒன்று உண்டு. ஒயிட்ஃபீல்டின் பழைமையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இதைத்தான் முதலில் சொல்கிறார்கள். சர்ச்சில் வந்தாரா, இல்லையா என்பதல்ல பிரச்னை. ஆட்சியாளர்களும் ஏற்காமல், அண்டை அயலாரும் முழுமையாக ஏற்காமல் இருந்த கலப்பினச் சமூகம் ஒன்று தனக்கென்று ஓர் ஊரை உருவாக்கிக்கொள்ள முயன்றது என்பதுதான் அந்த இடத்தின் வரலாறு. மக்களவையிலும் சட்டப்பேரவைகளிலும் ஆங்கிலோ இந்தியர்களுக்கு இருந்த நியமன இடங்கள் 104-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தின் விளைவாக 2020 ஜனவரியுடன் முடிவுக்கு வந்துவிட்டன. அவையில் குரல் இல்லாத சமூகத்துக்கு, அதன் ஊராவது சாட்சியாக மிஞ்ச வேண்டாமா?

1990-களின் பிற்பகுதியில் சர்வதேசத் தொழில்நுட்பப் பூங்கா செயல்படத் தொடங்கியதும் ஒயிட்ஃபீல்டின் தலையெழுத்து மாறியது. 2007-இல் அந்தப் பகுதி பெங்களூரு பெருநகர மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. 2023 மார்ச்சில் மெட்ரோ ரயிலும் வந்து சேர்ந்தது. நிலத்தின் விலை ஏற ஏற, ஓட்டு வீடும் தோட்டமும் நிறைந்த ஒரு மனை அதன் உரிமையாளருக்குச் சுமையாகவும், கட்டுமான நிறுவனங்களுக்குப் புதையலாகவும் தெரிவதில் வியப்பில்லை.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இத்தகைய சிற்றூர்களை யாரும் ஒரே நாளில் புல்டோசர் கொண்டு தகர்ப்பதில்லை. ஓர் ஆண்டில் ஒரு வீடு இடிக்கப்படுகிறது. அடுத்த ஆண்டில் ஒரு தோட்டம் வாகன நிறுத்துமிடமாகிறது. பின்னர் ஒரு மூலை மனையில் நான்கு மாடிக் கட்டடம் எழுகிறது. தனித்தனியாகப் பார்த்தால் இவற்றில் பெரும்பாலானவை விதிப்படி நடந்தவையாகவே இருக்கும். கட்டட வரைபடத்துக்கு அனுமதி வழங்கும் அதிகாரி பார்ப்பதெல்லாம் மனையின் பரப்பு, சாலையின் அகலம், தளப்பரப்பு விகிதம், விடவேண்டிய காலியிடம், தீயணைப்பு வசதி ஆகியவற்றைத்தான். இந்தக் கட்டடம் எழுந்த பிறகு இந்த ஊர் இந்த ஊராக இருக்குமா என்கிற கேள்வி அந்தப் படிவத்தில் இல்லை. கேட்கப்படாத கேள்விக்கு எந்த அதிகாரியும் பதில் எழுதுவதில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்பதற்கென்றே பெங்களூரில் ஓர் அமைப்பு இருந்தது. 1976-இல் அமைக்கப்பட்ட பெங்களூரு நகர்ப்புறக் கலை ஆணையம், நகரின் பழைமையான கட்டடங்களைப் பட்டியலிட்டது. புதிய கட்டடங்கள் பற்றி அரசுக்கு ஆலோசனை சொன்னது. ஆனால், அது வெறும் ஆலோசனை அமைப்பு. சட்டத்தின் பலம் அதற்கு இல்லை. அதனால்தான் 2001-இல் அதை எளிதாகக் கலைத்துவிட முடிந்தது. 1980-களில் பட்டியலிடப்பட்ட 800-க்கும் மேற்பட்ட கட்டடங்களில் பாதிக்கும் மேல் இன்று இல்லை என்கிறார்கள் மரபுப் பாதுகாப்பில் ஈடுபட்டிருப்பவர்கள். அதே காலகட்டத்தில் உருவான தில்லி நகர்ப்புறக் கலை ஆணையம் இன்றும் இயங்குகிறது என்றால், அது 1973-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் உருவாக்கப்பட்டது என்பதே காரணம். இரண்டு தலைநகரங்கள், இரண்டு ஆணையங்கள்; ஒன்றுக்குச் சட்டம் இருந்தது, மற்றொன்றுக்கு இல்லை. விளைவு கண்கூடு.

தொல்லியல் துறை இருக்கிறதே என்று கேட்கலாம். 1958-ஆம் ஆண்டு தொல்லியல் சட்டத்தின் கீழ் மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ளவை நாடு முழுவதும் ஏறத்தாழ 3,700 சின்னங்கள் மட்டுமே. கோயிலையும் கோட்டையையும் அந்தச் சட்டம் காக்கும். மக்கள் குடியிருக்கும் தெருவையும், திண்ணை வைத்த வீட்டையும், ஓர் ஊரின் அமைப்பையும் காப்பது அதன் வேலையல்ல. அது மாநில அரசின், உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு. பொறுப்பு யாருடையது என்பது தெளிவாக இருந்தும், நீதிமன்றத்தின் கதவைத் தட்டித்தான் ஒவ்வொரு முறையும் நியாயம் பெற வேண்டியிருக்கிறது.

சென்னை அண்ணா சாலையில் உள்ள பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை இடிக்கும் பணி 2006-இல் தொடங்கியபோது, அதைத் தடுத்து நிறுத்தியது சென்னை உயர் நீதிமன்றம்தான். 2010-இல் வழங்கப்பட்ட தீர்ப்பில், பட்டியலிடப்பட்ட மரபுக் கட்டடங்களைப் பரிசீலிக்க ஒரு பாதுகாப்புக் குழுவை அமைக்கும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. ஹைதராபாதில் மரபுக் கட்டடங்களுக்கு இருந்த விதிமுறை 2015-இல் நீக்கப்பட்டது. அதன் பின்னர் எர்ரம் மன்ஸில் மாளிகையை இடித்துப் புதிய சட்டப்பேரவை கட்டத் தெலங்கானா அரசு எடுத்த முடிவை 2019-இல் உயர் நீதிமன்றம் ரத்து செய்ய வேண்டி வந்தது. பெங்களூரிலேயே, கர்நாடக உயர் நீதிமன்றம் செயல்படும் அட்டாரா கச்சேரியை இடிப்பதற்கு 1980-களில் முயற்சி நடந்ததும், பொதுமக்களின் எதிர்ப்பால் அந்தச் செங்கட்டடம் பிழைத்ததும் மறக்கக் கூடியவை அல்ல.

பெரிய கட்டடங்களுக்காக வழக்குத் தொடர ஆள் இருக்கிறது, பத்திரிகைகள் எழுதுகின்றன. சிற்றூரின் ஒரு ஓட்டு வீட்டுக்காக யார் நீதிமன்றப் படியேறுவார்கள்? வழக்கு விசாரணைக்கு வருவதற்குள் வீடு மண்மேடாகியிருக்கும். இடித்த பிறகு வழங்கப்படும் தீர்ப்பு இரங்கற்பாவாகத்தான் இருக்க முடியும். எனவேதான், அனுமதிக்கு முன்பே ஆய்வு என்பது கட்டாயமாக வேண்டும் என்கிறோம்.

இதற்கு எதிரான வாதங்களும் புறந்தள்ளக் கூடியவை அல்ல. லட்சக்கணக்கானோர் வேலை தேடி வந்து குவியும் நகரத்தில் வீடுகள் வேண்டாமா என்பது ஒரு வாதம். வேண்டும், நிச்சயமாக வேண்டும். ஆனால், பழைய வட்டக் குடியிருப்பு என்பது பரந்து விரிந்த ஒயிட்ஃபீல்டில் ஒரு சிறு புள்ளி. அதை விட்டுவைப்பதால் பெங்களூரின் வீட்டுப் பற்றாக்குறை கூடிவிடப் போவதும் இல்லை, அதை அழிப்பதால் தீர்ந்துவிடப் போவதும் இல்லை.

காலனிய காலத்து பங்களாக்களுக்கு ஏன் இந்தப் பரிவு என்பது இன்னொரு வாதம். நாம் கோரும் விதி பங்களாக்களுக்கு மட்டுமானதல்ல. கெம்பே கௌடர் 1537-இல் உருவாக்கியதாகச் சொல்லப்படும் பேட்டைப் பகுதிக்கும், தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் வாழ்ந்துவரும் அல்சூரின் தெருக்களுக்கும், 1898-இல் பிளேக் நோய் பரவியதைத் தொடர்ந்து உருவான பசவனகுடிக்கும் மல்லேஸ்வரத்துக்கும் அதே விதிதான் பொருந்த வேண்டும். யாருடைய மரபு என்று பார்த்துக் காப்பது மரபுப் பாதுகாப்பு ஆகாது.

மூன்றாவது வாதம்தான் வலுவானது. பக்கத்து மனைக்காரர் கோடிகளில் விற்றுவிட்டுப் போக, மரபு என்கிற பெயரில் தனது சொத்தை மட்டும் அரசு முடக்குவதா என்று ஒரு வீட்டு உரிமையாளர் கேட்டால், அதற்கு நியாயமான பதில் இருந்தாக வேண்டும். ஊருக்குப் பொதுவான நன்மைக்கான செலவை ஒரு குடும்பத்தின் தலையில் சுமத்துவது முறையல்ல. மும்பையில் 1995-இல் கொண்டுவரப்பட்ட மரபு விதிமுறைகள், மரபுக் கட்டடத்தின் உரிமையாளர் தன்னால் பயன்படுத்த முடியாத கட்டுமான உரிமையை வேறிடத்துக்கு மாற்றி விற்க வழி செய்தன. சாலை விரிவாக்கத்துக்கு நிலம் தருவோருக்குக் கர்நாடகத்தில் இத்தகைய உரிமைச் சான்று வழங்கும் முறை ஏற்கெனவே இருக்கிறது. சாலைக்காக இடத்தை விட்டுக்கொடுப்பவருக்குத் தரப்படுவதை, ஊருக்காக வீட்டை விட்டுவைப்பவருக்கு ஏன் தரக் கூடாது? சொத்து வரிச் சலுகை, பழுதுபார்க்க மானியம் ஆகியவையும் சேர்ந்தால் உரிமையாளரே காவலராக மாறுவார்.

இது நடக்கக் கூடியதுதான் என்பதற்குப் புதுச்சேரி உதாரணம். அங்கே தமிழர் பகுதியில் உள்ள வைசியாள் வீதியில், ஐரோப்பிய யூனியனின் உதவியுடன், திண்ணையும் தாழ்வாரமும் கொண்ட வீடுகளின் முகப்புகள் 2000-களின் தொடக்கத்தில் சீரமைக்கப்பட்டன. வீட்டுக்காரர்களை வெளியேற்றாமல் ஒரு தெருவின் முகம் மீட்கப்பட்டது. அதே புதுச்சேரியில், அரசின் பொறுப்பில் இருந்த நகரமன்றக் கட்டடமான மேரி பராமரிப்பில்லாமல் 2014 நவம்பரில் இடிந்து விழுந்தது என்பதும் பாடமே. சிங்கப்பூரில் தமிழர்கள் நன்கறிந்த லிட்டில் இந்தியா, 1989-இல் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அங்கே பழைய கடைவீடு ஒன்றை மாற்றியமைக்க வேண்டுமானால், நகரச் சீரமைப்பு ஆணையத்தின் அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும். இருப்பதை இயன்றவரை தக்கவைப்பது, மூலவடிவை மதித்துச் சீரமைப்பது, கவனத்துடன் பழுதுபார்ப்பது என்கிற அளவுகோல்கள் அனைவருக்கும் தெரியும்படி வெளியிடப்பட்டிருக்கின்றன. நிலத்துக்கு சிங்கப்பூரைவிடவா பெங்களூரில் பஞ்சம்?

கர்நாடக அரசுக்கு இப்போது ஒரு நல்வாய்ப்பு அமைந்திருக்கிறது. 2015-ஆம் ஆண்டை இலக்காக வைத்துத் தீட்டப்பட்ட பெருந்திட்டத்துக்கு மாற்றாக 2017-இல் வெளியிடப்பட்ட 2031-க்கான வரைவு கைவிடப்பட்டது. 2024-ஆம் ஆண்டு கிரேட்டர் பெங்களூரு நிர்வாகச் சட்டத்தின்படி 2025-இல் பழைய மாநகராட்சி ஐந்தாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. புதிய நிர்வாகம் தனது விதிகளை எழுதும் இந்த நேரத்திலேயே மரபு மண்டலங்களுக்கான ஆய்வுக் குழுவுக்குச் சட்டப்பூர்வ அதிகாரம் தரப்பட வேண்டும்.

அந்தக் குழுவில் கட்டடக் கலைஞர்களும் வரலாற்று ஆய்வாளர்களும் மட்டுமன்றி, அந்தந்தப் பகுதி மக்களின் பிரதிநிதிகளும் இடம்பெற வேண்டும். மரபு மண்டலத்துக்குள் வரும் ஒவ்வொரு கட்டட வரைபடமும் அதன் பார்வைக்கு வந்த பிறகே அனுமதி வழங்கப்பட வேண்டும். உயரம், கூரை, மதில், மரங்கள், காலியிடம் ஆகியவற்றுக்கான அளவுகோல்கள் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டால், விண்ணப்பிப்பவருக்கும் குழப்பம் இருக்காது. லஞ்சத்துக்கும் இடம் குறையும். இத்தனை நாள்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்கிற காலக்கெடுவும், காரணத்தை எழுத்தில் வெளியிடும் கடமையும் குழுவுக்கு இருக்க வேண்டும். இல்லாவிட்டால், இதுவும் கோப்புகள் தூங்கும் இன்னோர் அலுவலகமாக மாறிவிடும்.

ஓர் ஊரை மரபு மண்டலம் என்று வரைபடத்தில் வண்ணம் தீட்டிக் காட்டிவிட்டு, அங்கே எழும் கட்டடங்களை யாரும் ஆய்வு செய்யாமல் விடுவது, வேலி போடாத வயலுக்குப் பெயர்ப்பலகை வைப்பதற்கு ஒப்பானது. ஒயிட்ஃபீல்டின் வட்டத்துக்குள் மிச்சமிருக்கும் வீடுகள் சில மட்டுமே. அடுத்த பெருந்திட்டம் ஒப்புதல் பெறும் நாளில் அந்த வட்டம் மண்ணிலும் இருக்குமா, வரைபடத்தில் மட்டும்தான் இருக்குமா என்பதை, அதுவரை வழங்கப்படும் ஒவ்வொரு கட்டட அனுமதியும்தான் முடிவு செய்யப் போகிறது.