பெரிய கம்பெனிகளின் ஒப்பந்தத்தை இனி ஏஐ படிக்கிறது... சின்ன சப்ளையர் எதைக் கவனிக்கணும்?

கோவையில் பம்ப்செட் உதிரிபாகம் செய்யும் ஒரு சிறிய பட்டறை இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெரிய கம்பெனி ஒன்றிடமிருந்து ஆர்டர் வருகிறது. கூடவே 38 பக்கத்துக்கு ஒரு சப்ளை அக்ரிமென்ட். பட்டறைக்காரர் தன் ஆடிட்டரிடம் காட்டிவிட்டு, இரண்டு திருத்தம் கேட்டு மெயில் போடுகிறார். 90 நாள் கழித்துப் பணம் என்பதை 45 நாளாக்க வேண்டும். பொருளில் குறை வந்தால் தர வேண்டிய இழப்பீட்டுக்கு ஓர் உச்சவரம்பு வேண்டும்.

முன்பெல்லாம் இதற்குப் பதில் வரவே இரண்டு வாரம் ஆகும். இப்போது டீ குடித்துவிட்டு வருவதற்குள் வந்துவிடலாம். முதல் திருத்தம் நிராகரிப்பு, இரண்டாவது பாதி ஏற்பு, சிவப்பு எழுத்தில் மாற்று வாசகம் ரெடி. அந்தப் பக்கம் உட்கார்ந்து படித்தது யார்? முதல் வாசிப்பை மென்பொருளிடம் விட்டுவிட்ட கம்பெனி என்றால், யாருமே இல்லை.

கார்ப்பரேட் சட்டத்துறைகளில் நடந்துகொண்டிருக்கும் இந்த மாற்றம் என்ன, அதில் யாருக்கு என்ன லாபம், எங்கே உதைக்கிறது என்று பார்க்கலாம்.

ஒப்பந்தம் எங்கே இருக்குன்னே தெரியாது!

ஏஐ எதற்கு என்ற கேள்விக்கு முன்னால் ஒரு சங்கடமான உண்மை இருக்கிறது. தாங்கள் போட்ட ஒப்பந்தங்கள் மொத்தம் எத்தனை, எங்கே இருக்கின்றன என்பதே பல பெரிய கம்பெனிகளுக்குத் தெரியாது. சில பீரோவில், சில பழைய மேனேஜரின் மெயிலில், சில ஸ்கேன் செய்த பிடிஎஃப் ஆக. தானாகப் புதுப்பிக்கும் ஷரத்து உள்ள ஒப்பந்தத்தின் தேதி தாண்டிப் போயிருக்கும், வேண்டாத சேவைக்கு இன்னொரு வருடம் பணம் போய்க்கொண்டிருக்கும். விலையை வருடாவருடம் ஏற்றிக்கொள்ள உரிமை இருந்தும் யாரும் ஏற்றியிருக்க மாட்டார்கள்.

வேர்ல்ட் சிசி என்ற சர்வதேச ஒப்பந்த நிர்வாக அமைப்பு, மோசமான ஒப்பந்தப் பராமரிப்பால் கம்பெனிகள் ஆண்டு வருவாயில் சராசரியாக 9 சதவீதம் அளவுக்கு இழப்பதாகப் பல வருடங்களாகச் சொல்லி வருகிறது. மென்பொருள் விற்பவர்கள் எல்லோரும் மேற்கோள் காட்டும் எண் இது என்பதால் கொஞ்சம் உப்புப் போட்டே சாப்பிடலாம். ஆனால் ஓட்டை இருப்பது நிஜம்.

இந்த ஓட்டையை அடைக்க வந்ததுதான் சிஎல்எம் எனப்படும் ஒப்பந்த நிர்வாக மென்பொருள். வரைவு, பேரம், கையெழுத்து, புதுப்பித்தல், முடித்தல் எல்லாம் ஒரே இடத்தில். இதில் இந்தியக் கம்பெனிகள் பின்தங்கி இல்லை. 2009-ல் தொடங்கிய ஐசெர்டிஸ் புனேயில் பெரிய அளவில் இயங்குகிறது, பெங்களூருவில் ஸ்பாட்டிராஃப்ட் இருக்கிறது, நம்ம ஊர் ஸோஹோவும் ஸோஹோ கான்ட்ராக்ட்ஸ் விற்கிறது. புதிதாக வந்திருப்பது, அந்தக் கிடங்குக்குள் உட்கார்ந்து படிக்கும் ஏஐ.

அது எப்படிப் படிக்கிறது?

இது நேற்று ஆரம்பித்த கதை இல்லை. அமெரிக்காவின் ஜேபி மார்கன் வங்கி கடன் ஒப்பந்தங்களைப் படிக்க 'காயின்' என்ற மென்பொருளைப் பயன்படுத்துவது 2017-ல் செய்தியானது. வக்கீல்களும் கடன் அதிகாரிகளும் வருடத்துக்கு 3,60,000 மணி நேரம் செய்துகொண்டிருந்த வேலை அது என்று அப்போது சொல்லப்பட்டது. அடுத்த ஆண்டு லாகீக்ஸ் என்ற நிறுவனம் ஒரு போட்டி வைத்தது. 20 அமெரிக்க வக்கீல்கள் ஒரு பக்கம், ஏஐ ஒரு பக்கம். ஐந்து ரகசியக் காப்பு ஒப்பந்தங்களில் உள்ள சிக்கல்களைக் கண்டுபிடிக்க வேண்டும். வக்கீல்களின் சராசரித் துல்லியம் 85 சதவீதம், எடுத்த நேரம் 92 நிமிடம். ஏஐ-க்கு 94 சதவீதம், 26 விநாடி.

போட்டி நடத்தியதே அந்த ஏஐ-யை விற்கும் கம்பெனிதான். ரகசியக் காப்பு ஒப்பந்தம் என்பதும் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தது. அதில் ஜெயித்ததை வைத்து 300 பக்க கட்டுமான ஒப்பந்தத்திலும் ஜெயிக்கும் என்று சொல்லிவிட முடியாது.

இப்போதைய ஏஐ-க்கு கம்பெனி ஒரு விதிப்புத்தகம் கொடுக்கிறது. துறையில் 'பிளேபுக்' என்பார்கள். ஒவ்வொரு ஷரத்துக்கும் மூன்று நிலை: நாங்கள் விரும்புவது, பேரம் வந்தால் இறங்கி வருவது, இதற்குக் கீழே போனால் மேலதிகாரியிடம் அனுப்பு என்பது. எதிராளி அனுப்பிய வாசகத்தை ஏஐ இதோடு ஒப்பிட்டு மாற்று வாசகம் எழுதும். முதலில் சொன்ன பட்டறைக்காரரின் மெயிலுக்கு நடந்தது இதுதான்.

விதிப்புத்தகமே தப்பா இருந்தா?

இங்கேதான் நம்ம ஊர் சிறு தொழில்கள் நிமிர்ந்து உட்கார வேண்டும். 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டத்தின் 15-வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது: குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கியவர், ஒப்பந்தத்தில் எத்தனை நாள் எழுதியிருந்தாலும், சரக்கை ஏற்றுக்கொண்டதிலிருந்து 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் 16-வது பிரிவுப்படி, ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூடும் கூட்டு வட்டி. மற்றச் சட்டங்களில் வேறு மாதிரி இருந்தாலும் இந்தப் பிரிவுகளே செல்லும் என்று 24-வது பிரிவு சொல்கிறது. போதாததற்கு, 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்ற பிரிவு 2023-ல் சேர்க்கப்பட்டது. கெடு தாண்டிய பாக்கியை, பணம் கொடுத்த வருடத்தில்தான் வாங்கியவர் செலவுக் கணக்கில் காட்ட முடியும் என்றது அது.

ஆக, 90 நாள் ஷரத்து பட்டறைக்காரருக்கு மட்டும் நஷ்டம் இல்லை, கம்பெனிக்கே வரிச் சிக்கல். ஆனால் விதிப்புத்தகம் அமெரிக்கத் தலைமையகத்தில் எழுதப்பட்டு, அதில் 'பணம் 90 நாள், விட்டுக்கொடுக்காதே' என்று இருந்தால்? கேட்டால் இந்தச் சட்டத்தை ஏஐ அழகாக விளக்கவும் கூடும். கேட்காதவரை சொன்னதைச் செய்யும். முன்பு அந்த இடத்தில் ஒரு ஜூனியர் வக்கீலாவது 'சார், இவங்க உத்யம் பதிவு வெச்சிருக்காங்க, 45 நாள்தான்' என்று சொல்ல வாய்ப்பு இருந்தது. இந்த விவகாரத்தில் ஏஐ தப்பாகப் படிக்கும் என்பதைவிட, அது சரியாகப் படித்து தப்பான விதியை ஆயிரம் சப்ளையரிடம் ஒரே நாளில் அமல்படுத்தும் என்பதே பெரிய ஆபத்தாகத் தெரிகிறது.

ஒரு காற்புள்ளியின் விலை

தப்பாகப் படிக்காது என்றும் இல்லை. கனடாவில் ரோஜர்ஸ், அலையன்ட் கம்பெனிகளுக்கு இடையே மின்கம்பங்களைப் பயன்படுத்துவது பற்றிய ஒப்பந்தம் ஒன்று. ஐந்து வருடம் கழித்துத்தான் முறிக்கலாம் என்று ரோஜர்ஸ் நினைத்தது. ஒரு காற்புள்ளி விழுந்த இடத்தால், ஒரு வருட நோட்டீஸ் கொடுத்து எப்போது வேண்டுமானாலும் முறிக்கலாம் என்று 2006-ல் அந்நாட்டு ஒழுங்குமுறை ஆணையம் அர்த்தம் சொன்னது. சுமார் 21 லட்சம் கனடா டாலர் விவகாரம். மறுவருடம், பிரெஞ்சு வடிவத்தைப் பார்த்துவிட்டு அதே ஆணையம் முடிவை மாற்றிக்கொண்டது. கற்ற மனிதர்களே இப்படித் தடுமாறும் இடத்தில் ஏஐ எந்தத் தயக்கமும் காட்டாமல் ஒரு பதில் சொல்லும்.

இல்லாததைச் சொல்லும் பழக்கமும் இருக்கிறது. 2023-ல் நியூயார்க்கில், ஏவியான்கா விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், சாட்ஜிபிடி உருவாக்கிய போலித் தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. ஒப்பந்த வேலையில் கையில் மூல ஆவணம் இருப்பதால் ஆபத்து கொஞ்சம் குறைவு. 'இதை எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தாய்' என்று காட்டச் சொல்லலாம். அப்படிக் காட்டாத கருவியை வாங்காமல் இருப்பதே நல்லது.

ரகசியம் இன்னொரு கவலை. இலவச ஏஐ-யில் ஒப்பந்தத்தை ஒட்டிக் கேள்வி கேட்டால், அந்த ஆவணம் கம்பெனியை விட்டு வெளியே போய்விட்டது என்றே அர்த்தம். அலுவலகக் கணினிகளில் சாட்ஜிபிடி, டீப்சீக் போன்றவை வேண்டாம் என்று 2025 ஜனவரியில் மத்திய நிதி அமைச்சகமே தன் ஊழியர்களுக்குச் சொன்னது இதனால்தான். பட்டறைக்காரர்களும் இதைக் கவனிக்கணும். எதிர்க் கம்பெனியின் ஒப்பந்தத்தை இலவச ஆப்பில் போட்டு 'தமிழ்ல விளக்கு' என்று கேட்பது வசதிதான். ஆனால் அதிலுள்ள ரகசியக் காப்பு ஷரத்தையே மீறியதாக ஆகலாம். கம்பெனி பெயர், விலை, வரைபட எண்களை எடுத்துவிட்டு, சந்தேகமான ஷரத்தை மட்டும் கேட்பது ஓரளவு பாதுகாப்பு.

கையெழுத்து விஷயத்தில் குழப்பம் வேண்டாம். மின்னணு முறையில் உருவான ஒப்பந்தம் செல்லும் என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு சொல்கிறது. அதற்காக முத்திரைத் தீர்வை போய்விடாது. தீர்வை கட்டாத ஒப்பந்தம் செல்லாததாகிவிடாது, கட்டிச் சரிசெய்யக்கூடிய குறைதான், ஆனால் கட்டும்வரை சாட்சியமாக ஏற்கப்படாது என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு சொல்லியிருக்கிறது. தீர்வை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வெளிநாட்டு மென்பொருள்கள் சறுக்கக்கூடிய இடம் இது.

ஜூனியர் வக்கீல்கள் என்ன ஆவார்கள்?

2000-களில் அமெரிக்க ஒப்பந்தங்களைக் குறைந்த செலவில் படித்துக் கொடுக்கும் சட்ட அவுட்சோர்சிங் தொழில் இந்தியாவில் வளர்ந்தது. மும்பையில் வளர்ந்த பாஞ்சியா3-ஐ 2010-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் வாங்கியது, 2019-ல் அது இஒய் கைக்குப் போனது. தேதி, தொகை, ஷரத்துகளைப் பொறுக்கி எடுத்து அட்டவணை போடுவது அங்கே அன்றாட வேலை. ஏஐ முதலில் விழுங்குவது சரியாக இதைத்தான். சலிப்பான வேலைதான், சந்தேகமில்லை. ஆனால் ஐநூறு ஒப்பந்தம் படித்தவருக்குத்தான் ஐநூற்றியோராவதில் எது உறுத்துகிறது என்று தெரியும். அந்தப் பயிற்சியை இனி எங்கே பெறுவது என்பதற்குப் பல சட்டத்துறைகளிடம் இன்னும் பதில் இல்லை.

அடுத்த பெரிய அலை எங்கிருந்து வரும் என்பது மட்டும் தெரிந்துவிட்டது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம், அதாவது 2027 மே வரை. வாடிக்கையாளர் தரவைக் கையாள வெளியாளை அமர்த்தினால் அதற்கு முறையான ஒப்பந்தம் இருந்தே ஆக வேண்டும், மீறல்களுக்கு அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகும். ஊழியர் சம்பளக் கணக்கு போடுபவர், எஸ்எம்எஸ் அனுப்பும் ஏஜென்சி, கால் சென்டர் என எல்லா பழைய ஒப்பந்தங்களையும் கம்பெனிகள் தோண்டி எடுத்துத் திருத்தியாக வேண்டும். அந்தத் திருத்தக் கடிதங்களில் கணிசமானவை ஏஐ எழுதியதாக இருக்கும். உங்களுக்கு ஒன்று வந்தால், தரவு கசிந்தால் இழப்பீடு யார் தலையில், அதற்கு உச்சவரம்பு உண்டா என்ற இரண்டு வரியைக் கையெழுத்துக்கு முன் தேடிப் பாருங்கள்.