சம்மனை வாங்குங்கள் தோழர்களே

கோர்ட் அமீனா வரும்போது கதவைப் பூட்டிவிட்டால் கடன் வழக்கு நின்றுபோகும் என்ற நம்பிக்கை நம் காலனிகளில் இன்னும் இருக்கிறது. நிற்காது. வாங்க மறுத்தால் சம்மனைக் கதவில் ஒட்டிவிட்டுப் போவார். முறையாகச் சேர்ந்ததாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். வாய்தா அன்று பெயரைக் கூப்பிடுவார்கள். ஆள் இல்லையென்றால் எக்ஸ்பார்ட்டி. இருபதாயிரம் வாங்கி, அதற்கு மேல் வட்டியும் கட்டியவர் மீது இரண்டு லட்சத்துக்கு டிக்ரி வருவது இப்படித்தான். வட்டிக்காரர் வழக்குப் போடுவது வாதாடி ஜெயிக்கும் துணிச்சலில் அல்ல, நாம் படியேற மாட்டோம் என்ற தைரியத்தில்.

அந்தத் தைரியத்தைக் கொடுப்பது சாதி. கடன் கொடுத்தவரே பல ஊர்களில் கூலி கொடுப்பவராகவும் இருக்கிறார். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய வெற்றுப் புரோநோட்டில் வாங்கிய கையெழுத்து அவர் பீரோவில் கிடக்கும். கூலி உயர்வு கேட்டால், வேலைக்குப் போகாமல் நின்றால் அது வெளியே வரும்.

"வெற்றுத் தாளில்தான் கையெழுத்துப் போட்டேன்" என்று சொன்னாலே வழக்கு முடிந்துவிடும் என்று சட்டம் படிக்கும் தம்பிகள்கூட நினைக்கிறார்கள். 1881-ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு, அப்படிக் கொடுத்த தாளை நிரப்பிக்கொள்ள அதை வாங்கியவருக்கு இடம் தருகிறது. 118-ஆவது பிரிவின்படி, பணம் கைமாறியது என்றே நீதிமன்றம் முதலில் அனுமானிக்கும். அந்த அனுமானத்தை உடைக்கலாம், ஆனால் வாய்ப்பேச்சு மட்டும் போதாது. எவ்வளவு வாங்கினோம், எந்த மாதம் எவ்வளவு வட்டி கட்டினோம், யார் உடன் இருந்தார்கள், ஜிபே-யில் போன பணம் எது, இவையெல்லாம் எதிருரையில் வரவேண்டும். அதற்கு 30 நாள். நீதிமன்றம் அனுமதித்தால் 90 நாள் வரை. கையெழுத்து நம்முடையதாக இருந்தால் இல்லை என்று சொல்லக் கூடாது. அந்த ஒரு பொய் நிரூபணமானால் மற்ற உண்மைகளையும் யாரும் நம்பமாட்டார்கள்.

நோட்டின் தேதியையும் பாருங்கள். கேட்கும்போது தரவேண்டிய புரோநோட்டுக்கு எழுதிய நாளிலிருந்து மூன்று ஆண்டுதான் காலவரம்பு. அது முடியுமுன்னே "ஐந்நூறாவது கொடு, வரவு வைக்கிறேன்" என்று பின்பக்கத்தில் கையெழுத்து வாங்குவார்கள். கருணை என்று நினைக்காதீர்கள். அந்தக் கையெழுத்தோடு மூன்று ஆண்டு மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கும்.

செங்கல் சூளையிலோ அரிசி ஆலையிலோ முன்பணம் வாங்கி, அதைக் காட்டி வெளியேற விடாமல் வைத்திருந்தால் அது வெறும் கடன் அல்ல. 1976-ஆம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின்படி அந்தக் கடனே ஒழிந்துவிட்டது. அதைக் கேட்டு வழக்குத் தொடரவும் முடியாது. இதையும் எதிருரையிலேயே எழுத வேண்டும்.

வக்கீலுக்குப் பணம்? 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆவது பிரிவில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பே கிடையாது. சாதிச் சான்றிதழோடு வட்டச் சட்டப் பணிகள் குழுவுக்குப் போனால் இலவசமாக வக்கீல் வைத்துத் தர வேண்டும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். கேட்பது யாசகம் அல்ல, சட்டம் நமக்குக் கொடுத்திருக்கும் உரிமை.

டிக்ரி ஆகிவிட்ட குடும்பங்களை "ஜெயிலுக்கு அனுப்புவேன்" என்று மிரட்டுகிறார்கள். பணத்துக்கான டிக்ரிக்காகப் பெண்களைக் கைது செய்யவே முடியாது. ஆண்களையும், கையில் இல்லாத குற்றத்துக்காக அடைக்கக் கூடாது என்று 1980-இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கூலித் தொழிலாளியின் கூலியையும், அவர் குடியிருக்கும் சொந்த வீட்டையும் பொதுவாக ஜப்தி செய்ய முடியாது.

எக்ஸ்பார்ட்டி டிக்ரியை ரத்து செய்யச் சொல்லி மனுப் போட 30 நாள் இருக்கிறது. சம்மன் முறையாக வந்து சேரவே இல்லையென்றால், டிக்ரி பற்றித் தெரிந்த நாளிலிருந்து அந்த 30 நாளைக் கணக்கிட வேண்டும். உங்கள் தெருவில் யார் வீட்டுக் கதவிலாவது காகிதம் ஒட்டியிருந்தால், தேதியைப் படித்துச் சொல்லி, அந்த வாய்தாவுக்கு அவரோடு நீங்களும் போங்கள்.