தூரம் குறைந்தது யாருக்கு?

சென்னைக்கும் தூத்துக்குடிக்கும் வான்வழித் தொலைவு ஏறத்தாழ 530 கிலோமீட்டர். வானூர்திக்கு அது ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் பயணம். தென்கோடியும் தலைநகரும் நெருங்கிவிட்டன என்று மார்தட்டுகின்றனர் டில்லி தேவதைகள். மகிழ்ச்சி! ஆனால், நெருங்கியது யாருக்கு என்று கேட்கும் உரிமை நமக்குண்டு.

2025 ஜூலை 26 அன்று தூத்துக்குடியை அடுத்த வாகைக்குளம் விமான நிலையத்திலே புதிய முனையத்தைத் திறந்து வைத்தார் பிரதமர். செலவு ஏறத்தாழ 450 கோடி ரூபாய். அங்கிருந்து மேற்கே, வல்லநாட்டைத் தாண்டி வந்தால் ஆற்றோரம் சீவலப்பேரி. சிற்றாறு தாமிரபரணியோடு கலக்கும் ஊர். உழவர் வாழ்வைப் பாடிய முக்கூடற் பள்ளுக்கு உரிய மண். அந்த மண்ணிலே பாடுபடும் தோழன் வானூர்தியை அண்ணாந்து பார்க்கலாம். ஏறிப் பார்க்க இயலுமா? கணக்குப் போடுவோம், தோழர்களே!

2025 டிசம்பரிலே விமானங்கள் வரிசையாக ரத்தாயின. கட்டணம் விண்ணை முட்டியது. ஒன்றிய அரசு உச்சவரம்பு விதித்தது. 500 முதல் 1000 கிலோமீட்டர் வரை 12,000 ரூபாய்! அதே ஆண்டு நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய். 36 நாள் மண் சுமந்தால்தான் அந்த ஒன்றரை மணி நேரம். அதுவும் ஒரு வேளைச் சோறும் தின்னாமல்! பாதி விலைக்குச் சீட்டுக் கிடைத்தாலும் 18 நாள். கடிகாரம் ஒரு தூரம் சொல்கிறது. கூலி வேறு தூரம் சொல்கிறது.

இரயிலில் போகலாமே என்பார்கள். 2023 செப்டம்பரில் வந்தது நெல்லை-சென்னை வந்தே பாரத். எட்டு மணி நேரத்துக்குள் கொண்டு சேர்க்கும். அதிலே முன்பதிவில்லாப் பெட்டி ஒன்றாவது உண்டா? இல்லை! வேகம் கூடக் கூட ஏழைக்குக் கதவு மூடப்படுகிறது.

நாம் வானூர்தியை வெறுப்பவர்கள் அல்லர். புராணத்துப் புஷ்பக விமானம் அரசர்க்கும் தேவர்க்கும். 1903-இல் பன்னிரண்டு வினாடி பறந்து காட்டிய ரைட் சகோதரர்களோ மிதிவண்டிக் கடை நடத்திப் பிழைத்தவர்கள். பாட்டாளியின் அறிவு பெற்ற பிள்ளையிலே பாட்டாளிக்கு இடமில்லை என்பதுதான் நம் வழக்கு!

கட்டணம் கடவுள் விதித்ததன்று, மனிதர் விதித்தது. இதைத் தூத்துக்குடி என்றோ கண்டது. 1906-இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். கொழும்புக்குப் போட்டிக் கப்பல் ஓடியதும் வெள்ளைக் கம்பெனியின் கட்டணம் சரிந்தது. எதிர்க்க ஆள் இருந்தால் இறங்கும், இல்லாவிட்டால் ஏறும்.

நெருக்கடியிலே உச்சவரம்பு விதிக்கத் தெரிந்த அரசுக்கு, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் விதிக்கக் கை வராதா? பன்னிரண்டாயிரத்தை ஏழைக்கு எட்டும் அளவுக்கு இறக்கக் கூடாதா? விரைவு வண்டிகளிலே முன்பதிவில்லாப் பெட்டிகளை இணைக்க முடியாதா? கேட்போம்! கிளைதோறும் தீர்மானம் போட்டுக் கேட்போம்!

தூரத்தைக் கிலோமீட்டரால் அளப்பது நில அளவைக்காரர் வேலை. கூலியால் அளப்பது மக்களாட்சியின் கடமை. அந்த அளவுகோலில் தூரம் குறையும் நாளில்தான், சீவலப்பேரிக்குச் சென்னை பக்கத்து ஊராகும்!