டயர் மாறினால் மைலேஜ் மாறுமா? மீட்டர் கணக்கும் மெய்க் கணக்கும்

(நமது சித்தூர் நிருபர்)

சித்தூர்–பலமநேர் சாலையிலும், திருப்பதி–நாயுடுபேட்டை சாலையிலும் ஓடும் சரக்கு லாரிகளில் டயரின் அளவு மாறிக்கொண்டே வருகிறது. நைலான் டயர் போய் ரேடியல் வந்தது. ட்யூப் போட்ட ரேடியல் போய் இப்போது ட்யூப்லெஸ் வருகிறது. டாட்டா 1210, லேலண்ட் காமெட் காலத்தில் 9.00-20 அளவே வழக்கம். பிறகு 10.00-20 வந்தது. இன்று 295/90 ஆர் 20, 295/80 ஆர் 22.5 என்று எண்கள் நீளுகின்றன.

டயர் கடையில் இது வெறும் எண் மாற்றம். ஆனால் டிரிப் முடிந்து ஆபீசில் டீசல் கணக்குப் பார்க்கும்போது இதே எண் சண்டைக்குக் காரணமாகிறது. லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் வரவேண்டும் என்பார் முதலாளி. வண்டி ஓடிய தூரத்தை மீட்டர் அவ்வளவு காட்டவில்லை என்பார் குமாஸ்தா. டீசலை வழியில் விற்றுவிட்டாயா என்ற கேள்வி டிரைவர் மீது பாயும். இந்த மூன்று இடங்களிலும் தமிழர்கள் இருக்கிறார்கள். நாமக்கல், சேலம், வேலூர் பக்கத்திலிருந்து வந்து இங்கே ஸ்டீயரிங் பிடிப்பவர்களும், புக்கிங் ஆபீசில் பேனா பிடிப்பவர்களும் இந்தக் கணக்கைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

சக்கரம் ஒரு சுற்று சுற்றினால்

ஸ்பீடாமீட்டர் சாலையைப் பார்ப்பதில்லை. கியர் பெட்டியிலிருந்து வெளியேறும் தண்டு எத்தனை முறை சுற்றுகிறது என்பதைத்தான் அது எண்ணுகிறது. பழைய வண்டியில் கேபிள் எண்ணியது. புது வண்டியில் சென்ஸார் எண்ணுகிறது. இத்தனை சுற்றுக்கு இத்தனை மீட்டர் தூரம் என்று தொழிற்சாலையிலேயே, வண்டியோடு வந்த டயரின் அளவை வைத்துத் தீர்மானித்துவிடுகிறார்கள். பிறகு டயரை மாற்றினால், யாராவது திருத்தி அமைக்கும் வரை மீட்டர் பழைய டயரையே நினைத்துக்கொண்டிருக்கும்.

9.00-20 டயரின் விட்டம் சுமார் 102 சென்டிமீட்டர். 10.00-20 டயருக்குச் சுமார் 105½ சென்டிமீட்டர். வித்தியாசம் ஒரு சாணில் பாதிகூட இல்லை. ஆனால் நூற்றுக்கு மூன்றரை பங்கு. சிறிய டயர் ஒரு சுற்றில் சுமார் 3.20 மீட்டர் உருளும். பெரியது சுமார் 3.31 மீட்டர். எனவே 9.00-20க்கு அமைத்த மீட்டர் உள்ள வண்டியில் 10.00-20 மாட்டினால், மீட்டர் 60 காட்டும்போது வண்டி 62ல் போகும். மீட்டர் 80 காட்டினால் வண்டி ஏறக்குறைய 83ல் போகும்.

புதிய எண்களைப் படிப்பதும் கடினமில்லை. 295/80 ஆர் 22.5 என்றால் அகலம் 295 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 80 சதவீதம், அதாவது 236 மில்லிமீட்டர். டிஸ்க் 22½ அங்குலம். மேலும் கீழும் இரண்டு பக்கச் சுவர்களைச் சேர்த்தால் விட்டம் சுமார் 1,044 மில்லிமீட்டர் என்று வரும். 295/90 ஆர் 20க்கு இதே கணக்கில் 1,039 வரும். இவை 10.00-20ஐ விட ஒரு சதவீதம் அளவே சிறியவை. ஆகவே 10.00லிருந்து ட்யூப்லெஸ்ஸுக்குப் போகிறவர்களுக்கு மீட்டரில் பெரிய தொல்லை இல்லை. 9.00லிருந்து 10.00க்குத் தாவியவர்களுக்குத்தான் தொல்லை.

டிரைவர் மீது விழும் பழி

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 1,000 கிலோமீட்டர் டிரிப். செலவான டீசல் 250 லிட்டர். மெய்யான மைலேஜ் லிட்டருக்கு 4 கிலோமீட்டர். முதலாளி கேட்பதும் 4தான். ஆனால் பெரிய டயர் மாட்டிய வண்டியின் மீட்டர் 1,000க்குப் பதிலாக 966தான் காட்டும். 966 கிலோமீட்டருக்கு 241½ லிட்டர் போதுமே, மீதி 8½ லிட்டர் எங்கே என்று கேள்வி வரும். டீசல் லிட்டர் 95 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு டிரிப்புக்கு 800 ரூபாய்க்கு மேல் டிரைவர் பேட்டாவில் பிடித்தம் ஆகும். அவர் ஒரு சொட்டு டீசலும் திருடவில்லை. திருடியது டயர்.

மறுபக்கமும் உண்டு. டயர் தேயத் தேய விட்டம் குறைகிறது. கட்டையில் 12 மில்லிமீட்டர் தேய்ந்தால் விட்டத்தில் 24 மில்லிமீட்டர் போகும். அது இரண்டு சதவீதத்துக்கு மேல். அப்போது 1,000 கிலோமீட்டர் ஓட்டத்தை மீட்டர் 1,023 என்று காட்டும். மைலேஜ் 4.09 என்று முதலாளி மகிழ்வார். அடுத்த வாரம் புது செட் டயர் மாட்டியதும் மைலேஜ் "விழும்". புது டயர் டீசலைக் குடிக்கிறது என்ற பேச்சு லாரி ஸ்டாண்டுகளில் அடிபடுவதற்கு ஒரு காரணம் இதுதான்.

அந்தப் பேச்சு முழுப் பொய்யும் அல்ல. கட்டை நிறைந்த புது டயரில் ரப்பர் அதிகம். உருளும்போது அது மடங்கி நிமிர்வதில் கொஞ்சம் சக்தி வீணாகும். தேய்ந்த டயர் சற்று லேசாக உருளும். ஆகவே தேய்ந்த டயரில் மைலேஜ் கூடுவதாகத் தெரிவதில் ஒரு பகுதி மெய், ஒரு பகுதி மீட்டரின் மாயை. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் ஒருவர் மீது பழி போடுவது நியாயமாகாது.

மெய்யாகவே டீசல் மிச்சமாகுமா?

பெரிய டயர் போட்டால் அதே வேகத்துக்கு எஞ்சின் சற்றுக் குறைவாகச் சுற்றும். ஒரு கியர் ஏற்றிப் போட்டதைப் போன்ற பலன் இது. காலி வண்டி, சமவெளிச் சாலை, ஒரே சீரான ஓட்டம் என்றால் சிறிது டீசல் மிச்சமாகலாம். ஆனால் கிரானைட் கல்லை ஏற்றிக்கொண்டு மேடு ஏறும் வண்டிக்கு இது எதிராகவே வேலை செய்யும். சக்கரத்தின் ஆரம் கூடினால் சாலையைத் தள்ளும் விசை அதே அளவு குறையும். முன்பு நான்காவது கியரில் ஏறிய மேட்டில் மூன்றாவதுக்கு இறக்கவேண்டி வரும். சமவெளியில் மிச்சம் பிடித்தது மலையில் போய்விடும்.

அளவைவிட டயரின் ஜாதிதான் முக்கியம். நைலானைவிட ரேடியல் குறைவாகச் சூடேறும், லேசாக உருளும். ரேடியலுக்கு மாறியபின் வரும் டீசல் மிச்சம் பெரும்பாலும் இதனால் வருவதே. எண் பெரிதானதால் அல்ல. அதற்கு அடுத்தது காற்று. காற்றுக் குறைந்த டயர் எந்த அளவாயிருந்தாலும் டீசலைக் குடிக்கும். மூன்றாவது வேகம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும். மீட்டர் 60 என்று ஆறுதல் சொல்ல வண்டி 62ல் ஓடினால், அந்தக் கூடுதல் எதிர்ப்புக்கும் டீசல்தான் விலை.

ஆந்திராவில் டீசல் மீதான வாட் வரி அண்டை மாநிலங்களைவிடக் கூடுதலாக இருந்து வருவதால், எல்லைக்கு அப்பால் டேங்க் நிரப்பி வருவது லாரிக்காரர் வழக்கம். அப்படி ரூபாய்க்கணக்கில் மிச்சம் பார்ப்பவர்கள், நூற்றுக்கு மூன்றரை என்ற இந்தப் பிழையைக் கவனிக்காமல் விடுவது வியப்பே.

மலைப்பாதையில் இறங்கும்போது

மொகிலி மலைப்பாதையில் 2024 செப்டம்பர் 13ந் தேதி அரசு பஸ்ஸும் லாரிகளும் மோதிப் பலர் இறந்ததை இந்தப் பகுதி மறக்கவில்லை. அதற்கும் டயர் அளவுக்கும் முடிச்சுப் போட நாம் முற்படவில்லை. ஆனால் அதுபோன்ற சரிவில் இறங்கும் லாரிக்கு ஒரு பொதுவான உண்மை உண்டு. டயர் பெரிதானாலும் பிரேக் டிரம் பெரிதாவதில்லை. அதே பிரேக், பெரிய சக்கரத்தை நிறுத்தும்போது பிடிமானம் மூன்று சதவீதத்துக்கு மேல் குறையும். எஞ்சின் பிரேக்குக்கும் இதே கதிதான். வேகமோ மீட்டர் சொல்வதைவிட அதிகம். பிழை ஒவ்வொன்றும் சிறிது. ஆனால் எல்லாம் ஒரே திசையில் சேருகின்றன.

இன்னொரு ஆபத்து பின் சக்கர ஜோடி. ஒரு டிஸ்கில் புதியதும் பக்கத்தில் தேய்ந்ததும் மாட்டினால், பெரியது அதிகச் சுமையைத் தாங்கும். சிறியது உராய்ந்து தேயும். இரண்டுமே சூடேறும். அகலமான டயரைப் பழைய டிஸ்கில் ஜோடியாக மாட்டினால் இடைவெளி குறைந்து பக்கச் சுவர்கள் ஒன்றையொன்று உரசும். ஸ்டெப்னியை மட்டும் வேறு அளவில் வைத்திருப்பவர்களும் இதை நினைவில் கொள்ளவேண்டும்.

சட்டம் எங்கே நிற்கிறது?

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 117வது விதி ஸ்பீடாமீட்டரைக் கட்டாயமாக்குகிறது. 118வது விதி வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பற்றியது. 2015 அக்டோபர் 1 முதல் தயாராகும் சரக்கு வாகனங்களுக்குப் பொதுவாக 80 கிலோமீட்டர் என்றும், டேங்கர், டம்பர் போன்றவற்றுக்கு 60 என்றும் அந்தக் கருவியை அமைக்கவேண்டும். 2018 ஏப்ரல் அறிவிக்கையும் சரக்கு வாகனங்களுக்கு விரைவுச் சாலையிலும் நான்கு வழிச் சாலையிலும் 80, மற்றச் சாலைகளில் 60 என்று உச்ச வரம்பு வைத்தது. கட்டுப்பாட்டுக் கருவி வேகத்தை அறிவதும் அதே சுற்றுக் கணக்கில்தான். அது 80ல் பிடித்து நிறுத்தினாலும், பெரிய டயர் வண்டி 83ல் போகும். சாலையோர கேமரா டயரைக் கேட்பதில்லை. மெய் வேகத்தைப் பார்க்கும். 2019ல் திருத்தப்பட்ட மத்திய சட்டப்படி கனரக வாகனத்தின் அதிவேகத்துக்கு அபராதம் 2,000 முதல் 4,000 ரூபாய் வரை.

வெளிநாடுகளில் பல இடங்களில் பின்பற்றப்படும் ஐ.நா. விதிமுறை எண் 39, ஸ்பீடாமீட்டர் மெய் வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது என்கிறது. கூட்டிக் காட்டுவதற்கு மட்டும் ஓரளவு இடம் தருகிறது. பெரிய டயர் இந்த நியாயத்தையே தலைகீழாக்குகிறது.

பெரிய டயருக்கு லாரிக்காரர் போவதற்கு அரசின் முடிவும் ஒரு காரணம். 2018 ஜூலையில் நான்கு டயர் உள்ள பின் அச்சின் சுமை வரம்பு 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்ந்தது. சுமை கூடினால் தாங்கும் டயரைத் தேடுவது இயல்பே. 2022 ஜூனில் டயர்களின் உருளும் எதிர்ப்பு, ஈரச் சாலைப் பிடிமானம், ஓசை ஆகிய மூன்றுக்கும் தர வரம்பு விதிக்கும் அறிவிக்கை வந்தது. புது வடிவ டயர்களுக்கு அந்த ஆண்டு அக்டோபரிலிருந்து அது பொருந்தியது. டயர் நல்லதா என்று பார்க்க விதி வந்துவிட்டது. மாற்றிய டயருக்கு மீட்டர் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பவர்தான் இல்லை. பதிவுப் படிவத்தில் முன், பின் அச்சுகளின் டயர் அளவைக் குறிக்க இடம் இருக்கிறது. அதைச் சக்கரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

இத்தனைக்கும் டயர் நமக்குத் தூரத்துச் சரக்கு அல்ல. வரதய்யபாளையம் மண்டலம் சின்னபாண்டூரில் அப்போலோ டயர்ஸ் ஆலை 2020 ஜூனில் உற்பத்தியைத் தொடங்கியது. அப்போது சித்தூர் மாவட்டமாயிருந்த அந்த ஊர் 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டத்துக்குப் போனது. எல்லைக்கு அப்பால் அரக்கோணத்தில் எம்.ஆர்.எப்., தேர்வாய் கண்டிகையில் மிஷ்லின், ஸ்ரீபெரும்புதூரில் ஜே.கே. டயர் ஆலைகள் இருக்கின்றன. டயரைச் செய்யும் பூமியிலேயே டயர் கணக்குத் தெரியாமல் பேட்டா பறிபோகிறது.

ரயில்வேயில் உள்ள முறை

ரயில் எஞ்சினின் சக்கரமும் தேயும். நமது அகலப் பாதை டீசல், மின்சார எஞ்சின்கள் பலவற்றில் புதுச் சக்கரத்தின் விட்டம் 1,092 மில்லிமீட்டர். தேய்ந்து 1,016 ஆனால் சக்கரத்தைக் கழித்துவிடுவார்கள். இடையில் ஏழு சதவீத வித்தியாசம். ஆகவே ஷெட்டில் சக்கரத்தைக் கடைந்தாலும் மாற்றினாலும், விட்டத்தை அளந்து வேகப் பதிவுக் கருவியில் புது எண்ணை ஏற்றவேண்டும். சக்கரத்தின் விட்டம் தெரியாமல் வேகத்தை நம்பக்கூடாது என்பது அங்கே அன்றாடப் பாடம். லாரித் தொழிலில் இது இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை.

திருமலை மலைப்பாதையிலும் ஒரு பாடம் உண்டு. வண்டி புறப்பட்ட நேரத்தையும் போய்ச் சேர்ந்த நேரத்தையும் பார்த்து, அளவுக்கு முன்னதாக வந்தவரைப் பிடிக்கும் முறையைத் தேவஸ்தானம் கையாண்டது. தூரம் தெரியும், நேரம் தெரியும். மீட்டர் என்ன காட்டியது என்ற கேள்வியே இல்லை.

என்ன செய்யலாம்?

டிரைவர் செய்யக்கூடியது எளிது. போக்குவரத்துக் குறைந்த நேரான சாலையில் மீட்டரை 60ல் நிறுத்தி ஓட்டும்போது, ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு எத்தனை விநாடி ஆகிறது என்று கிளீனரைப் பார்க்கச் சொல்லலாம். சரியாக 60 விநாடி ஆனால் மீட்டர் சரி. 58 விநாடியில் வந்தால் மெய் வேகம் 62. பத்துக் கல் தூரத்தை மீட்டர் 9.7 என்று காட்டினால், டிரிப் ஷீட்டில் தூரத்தோடு நூற்றுக்கு மூன்று சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அர்த்தம்.

குமாஸ்தா செய்யவேண்டியது, டிரிப் ஷீட்டில் டயரின் அளவையும் மாற்றிய தேதியையும் ஒரு வரியில் எழுதுவது. ஜி.பி.எஸ். உள்ள வண்டியில் அதன் தூரத்தையும் மீட்டரின் தூரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் வித்தியாசம் தானே தெரியும். முதலாளி செய்யவேண்டியது, அளவு மாற்றும்போதே கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் மீட்டரைத் திருத்தி அமைப்பது. டயர் செட் விலையில் அந்தச் செலவு பெரிதல்ல.

பெங்களூரு–சென்னை விரைவுச் சாலை சித்தூர் மாவட்டத்தின் வழியாகவே போடப்படுகிறது. 120 கிலோமீட்டர் வேகத்துக்கென வடிவமைத்த சாலை அது. வேகம் கூடும் இடத்தில் பிழையும் கூடும். தகுதிச் சான்றுக்கு வரும் லாரியின் டயர் அளவையும் மீட்டரையும் ஒத்துப் பார்க்கப் போக்குவரத்து அதிகாரிகள் இப்போதே முன்வரவேண்டும். அதுவரை, டிரைவர் பேட்டாவில் கை வைக்கும் முன் முதலாளிகள் ஒருமுறை டயரின் பக்கச் சுவரில் உள்ள எண்ணைப் படித்துப் பார்க்கட்டும்.