முன்பக்கம் காசுக்கு, முதுகுப்பக்கம் தர்மத்துக்கு

புனேயோ, குர்காவ்னோ, பெங்களூரோ... நம்ம ஆட்கள் குடியிருக்கிற எந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் வேண்டுமானாலும் பாருங்கள். பந்து விளையாடுகிற பசங்களில் இரண்டு பேராவது நீலமும் சிவப்பும் பட்டை போட்ட சட்டையில் இருப்பார்கள். பார்சலோனா! அப்பாக்களிடம் கேட்டால் "மெஸ்ஸி ஆடின டீம்" என்பதோடு நிறுத்த மாட்டார்கள். "மத்த கிளப் மாதிரி இல்லை சார், ஏழைக் குழந்தைகளுக்கு அள்ளிக் கொடுக்கிற கிளப்" என்று சேர்த்துச் சொல்வார்கள்.

இந்த இரண்டாவது வரியைப் பற்றித்தான் இந்தப் பதிவு. அள்ளிக் கொடுத்தார்களா, கிள்ளிக் கொடுத்தார்களா?

முதலில் அவர்களுக்குச் சேர வேண்டிய நியாயத்தைச் சொல்லிவிடலாம். 1899ல் தொடங்கிய கிளப் இது. நூறு வருடத்துக்கும் மேலாகச் சட்டையின் முன்பக்கத்தை எந்தக் கம்பெனிக்கும் விற்கவில்லை. 1994ல் ஒரு அறக்கட்டளை தொடங்கினார்கள். 2006 செப்டம்பரில், யோவான் லபோர்டா தலைவராக இருந்தபோது, யுனிசெஃப் பெயரைச் சட்டையில் போட்டார்கள். பெயர் போடக் காசு வாங்கவில்லை, கொடுத்தார்கள்! ஐந்து வருடங்களுக்கு, வருடத்துக்கு 15 லட்சம் யூரோ. அந்தப் பணம் முதலில் போனது ஸ்வாசிலாந்துக்கு (இன்று அதன் பெயர் எஸ்வாட்டினி). எய்ட்ஸ் கிருமியால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்காக. இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

கூடவே இன்னொரு வாக்குறுதியும் உண்டு. கிளப்பின் சாதாரண வருமானத்தில் 0.7 சதவீதம் அறக்கட்டளைக்கு. இந்த 0.7 சும்மா வந்த எண் இல்லை. பணக்கார நாடுகள் தங்கள் தேசிய வருமானத்தில் இவ்வளவாவது ஏழை நாடுகளுக்குத் தர வேண்டும் என்று 1970ல் ஐ.நா. சபை வைத்த இலக்கு அது.

ஆபீசில் சி.எஸ்.ஆர். நாளுக்குச் செடி நட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டவர்களுக்கு ஒரு கணக்கு. நம் ஊர் 2013 கம்பெனிச் சட்டம் கேட்பது லாபத்தில் 2 சதவீதம். நூறு ரூபாய் வருமானத்தில் பத்து ரூபாய் லாபம் என்றால், அது வெறும் 20 பைசா. பார்சலோனா சொன்னது வருமானத்தில் 70 பைசா. லாபம் வந்தாலும் நஷ்டம் வந்தாலும் 70 பைசா. கேட்கவே நன்றாக இருக்கிறது இல்லையா?

இனிதான் கதை.

2010 டிசம்பர் 2. 2022 உலகக்கோப்பை கத்தாருக்கு என்று அறிவிப்பு வருகிறது. சரியாக எட்டு நாள் கழித்து, டிசம்பர் 10ம் தேதி, பார்சலோனா ஒரு ஒப்பந்தத்தை அறிவிக்கிறது. கத்தார் தரும் பணம் வருடத்துக்கு 3 கோடி யூரோ. யுனிசெஃப்புக்குக் கிளப் கொடுத்ததைப் போல 20 மடங்கு. அப்போது தலைவர் சாந்த்ரோ ரொசேல். கடன் இருக்கிறது, வேறு வழியில்லை என்றார்கள். அந்தக் கிளப்பின் ஞானத்தந்தை என்று சொல்லத்தக்க யோஹான் க்ரைஃப் கடுமையாக எதிர்த்தார். உறுப்பினர் கூட்டம் 2011ல் ஒப்புதல் கொடுத்துவிட்டது.

முன்பக்கத்தில் எந்தப் பெயர் வந்தது என்பதைக் கவனியுங்கள். 'கத்தார் பவுண்டேஷன்'. அதுவும் ஒரு அறக்கட்டளை. கல்விக்காக 1995ல் தொடங்கியது. எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள்! ஒரு தர்மத்தை எடுத்துவிட்டு இன்னொரு தர்மத்தை வைத்தால் யார் கேள்வி கேட்கப் போகிறார்கள்? யுனிசெஃப் என்ன ஆனது? சட்டையின் முதுகில், நம்பருக்குக் கீழே, இடுப்புக்குப் போனது. 2013ல் பவுண்டேஷன் பெயரும் போய் 'கத்தார் ஏர்வேஸ்' வந்தது. தர்மத்தின் பெயரில் கதவைத் திறந்தார்கள், இரண்டே வருடத்தில் விமான டிக்கெட் கம்பெனி உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.

இதில் நமக்கென்ன வந்தது என்று கேட்பீர்கள். வந்தது. தஞ்சாவூர், ராமநாதபுரம் பக்கம் வளைகுடாவில் ஆள் இல்லாத தெரு உண்டா? அந்தச் சட்டை கத்தார் பெயரோடு உலகம் சுற்றிய வருடங்களில், அங்கே வேலை பார்த்தவர்கள் முதலாளியின் அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வெளியே வர முடியாது, வேலை மாற முடியாது. பெரும்பாலோருக்கு அந்தக் கட்டுப்பாடுகள் சட்டப்படி நீங்கியதே 2018லிருந்து 2020க்குள்தான். இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், வங்கதேசம், இலங்கை ஆகிய ஐந்து நாட்டுத் தொழிலாளர்களில் 6,500க்கும் மேற்பட்டோர் 2010க்குப் பிறகு அங்கே இறந்திருக்கிறார்கள் என்று 2021ல் 'கார்டியன்' எழுதியது. இது எல்லாக் காரணங்களும் சேர்ந்த எண்ணிக்கை, மைதானம் கட்டியதில் மட்டும் இறந்தவர்கள் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அவர்களில் பலருடைய சாவுக்குக் காரணம் என்னவென்று ஒழுங்காக விசாரிக்கக்கூட இல்லை. குழந்தைகளின் பெயரைப் போட்டிருந்த அதே இடத்தை அந்த நாட்டுக்கு வாடகைக்கு விட்ட கிளப் இது.

சரி, கடன் தீர்ந்து பணம் வந்த பிறகாவது தர்மம் முன்பக்கத்துக்குத் திரும்பியதா? இல்லை. 2017ல் ஜப்பானின் ரகுடென். வருடத்துக்கு 5.5 கோடி யூரோ. யுனிசெஃப்புக்கு அப்போது 20 லட்சம். 2021 ஜனவரியில் மெஸ்ஸியின் நான்கு வருட ஒப்பந்தம் ஸ்பெயின் பத்திரிகையில் வெளியானது. எல்லாம் சேர்த்து அதிகபட்சம் 55.5 கோடி யூரோ. அதே நான்கு வருடத்துக்கு யுனிசெஃப் பங்கு 80 லட்சம். ஒரு ஆட்டக்காரருக்கு, உலகத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்ததைப் போல கிட்டத்தட்ட 70 மடங்கு.

அப்படிச் செலவு செய்தும் என்ன மிஞ்சியது? 2021 ஆகஸ்டில், மறுபடி தலைவராக வந்திருந்த அதே லபோர்டா, கிளப்புக்கு 135 கோடி யூரோ கடன் என்று அறிவித்தார். மெஸ்ஸியும் போய்விட்டார். 2022ல் முன்பக்கம் ஸ்பாட்டிஃபைக்கு. முதுகில் யுனிசெஃப்புக்குப் பதில் ஐ.நா. அகதிகள் ஆணையம். அதற்கு சீசனுக்கு 4 லட்சம் யூரோ பணம், 1 லட்சம் யூரோவுக்கு விளையாட்டுச் சாமான்கள். 20 லட்சம் எங்கே, 4 லட்சம் எங்கே?

"கொடுக்காமல் இருப்பதற்கு இது மேல் இல்லையா?" என்று நியாயமாகவே கேட்கலாம். மேல்தான். அந்தக் காசில் மருந்து வாங்கிய குழந்தைக்கு, சட்டையில் பெயர் எந்தப் பக்கம் இருந்தால் என்ன? கொடுத்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. கிள்ளிக் கொடுத்ததை அள்ளிக் கொடுத்ததாக விற்பதுதான் தப்பு. அந்த வியாபாரத்தில் நாம் வாடிக்கையாளர்கள். அந்தச் சட்டைக்கு நாம் ஆயிரக்கணக்கில் கொடுப்பது துணிக்காக இல்லை. 'நல்ல கிளப்' என்ற நினைப்புக்காகவும் சேர்த்துத்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. பெரிய ஐரோப்பிய கிளப்புகளின் பெயரில் நம் நகரங்களில் நடக்கும் கட்டணப் பயிற்சிப் பள்ளிகளையும், அவற்றின் அறக்கட்டளைகளையும் நம்மில் பலர் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள். ஒன்றில்லை சாமி! நீங்கள் பீஸ் கட்டினால் அது வியாபாரம். அங்கே எந்த ஏழைக் குழந்தைக்கும் நீங்கள் உதவி செய்யவில்லை. உதவ வேண்டும் என்று தோன்றினால் உங்கள் வாட்ச்மேன் பையனுக்கு ஒரு ஜோடி ஷூ வாங்கிக் கொடுங்கள், அவனையும் ஆட்டத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். அதற்கு லோகோ தேவையில்லை.

கிளப் என்றில்லை, கம்பெனியோ, கோயிலோ, நடிகரின் நற்பணி மன்றமோ, யார் தர்மம் என்று வந்து நின்றாலும் மூன்று கேள்வி கேட்கச் சொல்லி உங்கள் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். நூறு ரூபாய் வருமானத்தில் எவ்வளவு கொடுக்கிறார்கள்? கஷ்டம் வந்தபோது முதலில் எதைக் குறைத்தார்கள்? கொடுத்ததைவிட, கொடுத்ததைச் சொல்லிக்கொள்ள அதிகம் செலவு செய்கிறார்களா?

சட்டையைக் கழற்றி எறியச் சொல்லவில்லை. ஆட்டம் அழகான ஆட்டம், ரசிக்கட்டும். புண்ணியக் கணக்கை மட்டும் தனியாக எழுதிப் பார்க்கட்டும்.

பார்சலோனா ரசிகர்கள் திட்ட விரும்பினால் தாராளமாகத் திட்டலாம். கணக்கில் பிழை இருந்தால் காட்டிவிட்டுத் திட்டுங்கள் :-)